எபிக்டீட்டஸின் கைநூலும் நம் துக்க வீட்டுப் பிரசங்கமும்

அத்தேனே பட்டணத்தில் பவுலடியார் எதிர்ப்பட்ட ஞானிகளுள் ஸ்தோயிக்கரும் இருந்தனர் என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தை வாசிக்கும் யாவரும் அறிவர். ஆயினும் அந்த ஸ்தோயிக்கர் போதித்தது யாது என்று நம் மாணவரை வினவினால், இன்ப துன்பங்களைப் பொருட்படுத்தாதவர்கள் என்னும் ஒரு வரி விடையோடு நின்றுவிடுகின்றனர். தேர்வுத் தாளுக்கு அது போதும். சபை ஊழியத்துக்குப் போதாது. இன்று நம் வாலிபர் பலர் செனெக்காவின் கடிதங்களையும், மார்க்கஸ் அவுரேலியஸ் பேரரசரின் தன்நினைவுக் குறிப்புகளையும், எபிக்டீட்டஸின் கைநூலையும் ஆங்கில மலிவுப் பதிப்புகளில் வாங்கி வாசிக்கின்றனர். வாழ்க்கைக்கு வழிகாட்டி எனத் திருமறைக்குப் பக்கத்திலும், சிலர் அதற்கு முன்னும், இவற்றை வைக்கின்றனர். இதனைக் கண்டிப்பது எளிது. அந்நூல்களை வாசித்துப் பார்த்துக் கண்டிப்பது அத்துணை எளிதன்று.

நாம் இவற்றுள் கைநூலை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதற்குக் காரணம் வாலிபர் மட்டும் அல்லர். அந்நூலை ஒருமுறையேனும் கையில் எடுத்திராத நம் குருமார், துக்க வீட்டிலும் கல்லறைத் தோட்டத்திலும் பேசுகிற பேச்சு, சுவிசேஷத்தைக் காட்டிலும் அந்நூலுக்கே நெருக்கமாயிருப்பதை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். நாமும் அவ்வாறே பேசியிருக்கிறோம். ஆகவே இது பிறர் மீது மட்டும் எழுதப்படும் விமரிசனம் அன்று.

நூலாசிரியரைக் குறித்துச் சில சொல்வது தகும். எபிக்டீட்டஸ் ஏறத்தாழ கி.பி. 50ஆம் ஆண்டளவில், கொலோசெயர் 4:13இல் பவுல் பெயர் குறிப்பிடும் எராப்போலி நகரில் பிறந்தார். அவர் அடிமை. அவருடைய பெயருக்கே 'சம்பாதிக்கப்பட்டவன்' என்பதே பொருள். பெற்றோர் இட்ட பெயராக அது தோன்றவில்லை. ரோமாபுரியில் நீரோ மன்னனின் அலுவலனாகிய எப்பாப்பிரோதீத்து என்பவன் அவருக்கு எஜமானன். (பிலிப்பியர் நிருபத்தில் வரும் எப்பாப்பிரோதீத்து வேறொருவர், அவரைக் குறித்துப் பின்னர் பேசுவோம்.) கால் ஊனமுற்றவர். விடுதலை பெற்றபின் தத்துவம் போதித்தார். தொமித்தியன் பேரரசன் தத்துவ ஆசிரியர்களைத் துரத்தியபோது ரோமாபுரியை விட்டு நிக்கொப்போலியில் பள்ளி நடத்தினார். தீத்து 3:12இல் பவுல் மாரிகாலத்தைக் கழிக்கத் தீர்மானித்த ஊரும் இதுவே என்பது பெரும்பாலோர் கருத்து. ஒரு தலைமுறை இடைவெளியில் இருவரும் ஒரே தெருக்களில் நடந்திருக்கக்கூடும் என்பது நினைக்கச் சுவையானதே. அதற்குமேல் அதில் ஒன்றும் கட்டலாகாது. கிறிஸ்தவரை அவர் அறிந்திருந்தார். 'கலிலேயர்' என்று ஓரிடத்தில் அவர்களைச் சுட்டி, தத்துவம் நியாயத்தால் தருகிற அஞ்சாமையை அவர்கள் பழக்கத்தால் பெற்றிருப்பதாகக் கூறுகிறார். புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று தெளிவாகத் தெரியாத வாக்கு அது.

அவர் தாமாக ஒன்றும் எழுதவில்லை. மாணவராகிய அர்ரியன் குறித்துக்கொண்ட விரிவுரைகளுள் நான்கு புத்தகங்கள் நமக்குக் கிடைத்துள்ளன; அவ்விரிவுரைகளிலிருந்து அவரே பிழிந்தெடுத்த சுருக்கம் கைநூல். 53 சிறு பகுதிகள். ஒரு மாலைப்பொழுதில் வாசித்து முடிக்கலாம். இச்சுருக்கத்துக்கே திருச்சபையில் பெரும் செல்வாக்கு இருந்தது. பண்டைத் துறவியர் இதனைத் தம் மடங்களுக்கெனத் திருத்திக்கொண்டபோது, சாக்ரட்டீசு என்று வரும் இடத்தில் பவுல் என்று மாற்றி எழுதினர். சீனாவில் ஊழியம் செய்த மத்தேயோ ரிச்சி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனின்று 25 பகுதிகளைத் தழுவிச் சீன மொழியில் வெளியிட்டார். பெயரை மாற்றினால் கிறிஸ்தவ நூலாகிவிடும் அளவுக்கு அது நமக்கு அண்மையில் இருக்கிறது என்பதே அதன் கவர்ச்சி. அதன் ஆபத்தும் அதுவே.

ஸ்தோயிக்கத்துக்கும் நம் கடற்கரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் ஆறுமுகநேரியை அடுத்த சாகுபுரத்தில் நின்று பார்க்கலாம். 1950களின் இறுதியில் உப்பை மூலப்பொருளாகக் கொண்டு எழுந்த இரசாயன ஆலையும் அதன் குடியிருப்பும் ஒரு புறம். கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பளங்கள் மறுபுறம். தெற்கே காயல்பட்டினம். வடக்கே தாமிரபரணிக்கு அப்பால், கடல் பின்வாங்கியதால் உள்நாட்டுச் சிற்றூராய் ஒடுங்கிப்போன கொற்கை. பேராயர் கால்டுவெல் அகழ்ந்து ஆராய்ந்து, கிரேக்கர் 'கொல்கோய்' என்று எழுதிய துறை இதுவே என்று காட்டினார். அத்துறையில் முத்துக்குளிப்புத் தொழிலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் அமர்த்தப்பட்டனர் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பெற்ற செங்கடல் பயணக் குறிப்பு கூறுகிறது. அங்கிருந்து சென்ற முத்துக்கள் ரோமாபுரியின் சீமாட்டிகள் காதில் தொங்கின. செனெக்கா அதைக் கண்டு சினந்தார்: ஒரு காதுக்கு ஒரு முத்துப் போதாமல், ஒவ்வொரு காதிலும் இரண்டு மூன்று குடும்பச் சொத்துக்களைத் தொங்கவிடுகின்றனர் என்பது அவருடைய குறை. பிளினி கணக்கே போட்டார்: இந்தியா, சீனம், அரேபியா ஆகிய நாடுகளுக்கு ஆண்டுதோறும் 10 கோடி செஸ்தெர்ஸ் நாணயம் போகிறது என்று.

செனெக்காவின் கண்டனம் அணிபவளின் காதோடு நின்றுவிட்டது. முத்தெடுக்க மூச்சடக்கி இறங்கிய கைதி அங்கே கண்ணில் படவில்லை. அவர் கொடியவர் என்பதால் அன்று. அடிமைகளோடு ஒரே பந்தியில் உண்ணலாம் என்று கடிதம் எழுதியவர் அவர். (பெருஞ்செல்வர் என்பதும், அப்போஸ்தலர் நடபடிகள் 18இல் பவுலின் வழக்கைத் தள்ளிவிட்ட கல்லியோன் அவருடைய தமையன் என்பதும் மாணவர் நினைவில் கொள்ளத்தக்கவை.) ஸ்தோயிக்க அறநெறியின் பார்வை எப்போதும் ஆசைப்படுகிறவனின் உள்ளத்தை நோக்கியே திரும்புகிறது. ஆசை ஒழிந்தால் சிக்கல் தீர்ந்தது. யார் கையிலிருந்து அப்பொருள் வந்தது என்பது அதற்கு அடுத்த கேள்வி. அது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

இனி நூலுக்குள் புகுவோம். கைநூலின் முதற்பகுதி உலகிலுள்ள யாவற்றையும் இரு கூறாக்குகிறது: நம் வசமுள்ளவை, நம் வசமில்லாதவை. நம் கருத்து, நாட்டம், விருப்பு, வெறுப்பு ஆகியவை முதற்கூறு. உடல், உடைமை, நற்பெயர், பதவி ஆகியவை இரண்டாம் கூறு. முன்னதைப் பேணி, பின்னதை அதன் போக்கில் விடுபவன் எவராலும் தடுக்கப்படான், எவரையும் நோகான். இதில் பேருண்மை உண்டு என்பதை மறுக்க நாம் முன்வரவில்லை. மாற்றல் உத்தரவு வந்தவுடன் உறக்கம் இழக்கும் குருவானவர், சபைத் தேர்தலில் தோற்றவுடன் கோயிலுக்கு வருவதை நிறுத்தும் மூப்பர், பக்கத்துச் சேகரத்தாரின் பேச்சுக்காகத் தம் பிரசங்கத்தையே மாற்றிக்கொள்பவர் ஆகியோர் இப்பகுதியை வாரம் ஒருமுறை வாசிப்பார்களாயின் மறைமாவட்டங்களின் வழக்கு மன்றச் செலவு கணிசமாகக் குறையும் என்றே எண்ணுகிறோம்.

ஏழாம் பகுதியில் ஒரு கடற்கரைக் காட்சி வருகிறது. நம் ஊரார்க்கு நன்கு விளங்கும் காட்சி. கப்பல் துறையில் நிற்கிறது. தண்ணீர் எடுக்கக் கரையிறங்கும் நீ வழியில் ஒரு சிப்பியையோ கிழங்கையோ பொறுக்கிக்கொள்ளலாம். ஆனால் கவனம் கப்பலின்மேல் இருக்கட்டும். மாலுமித் தலைவன் அழைத்தவுடன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வா. இதுவரை இது நம் ஆண்டவரின் விழிப்புவமைகளுக்கு இனமானதே. அடுத்த வாக்கியத்தில்தான் நாம் தடுமாறுகிறோம்: சிப்பிக்கும் கிழங்குக்கும் பதிலாக உனக்கு மனைவியும் பிள்ளையும் தரப்பட்டாலும் அவ்வாறே என்கிறார் ஆசிரியர். முத்துச் சிப்பியின் கரையில் வாழும் நாம் சிப்பியை அற்பமாய் எண்ணோம். ஆயினும் மனைவியைச் சிப்பியோடு ஒரு வரிசையில் வைக்கும் கணக்கு நமக்குப் புரியவில்லை.

பதினோராம் பகுதி அக்கணக்கை முடித்துவைக்கிறது. எதையும் இழந்துவிட்டேன் என்று சொல்லாதே. திருப்பிக் கொடுத்தேன் என்று சொல். பிள்ளை இறந்ததா? திருப்பிக் கொடுக்கப்பட்டது. நிலம் பறிபோயிற்றா? அதுவும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பறித்தவன் தீயவனாயிற்றே என்றால், கொடுத்தவர் யார் மூலம் திரும்பக் கேட்டால் உனக்கென்ன என்பது விடை. வாசகர் இப்போதே யோபு 1:21ஐ நினைத்திருப்பர். நம் அடக்க ஆராதனைகளில் அவ்வசனம் பெறும் இடத்தையும் நினைத்திருப்பர்.

பல ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில், குளத்தில் மூழ்கி இறந்த ஒரு சிறுவனின் அடக்கத்தை நாம் நடத்தினோம். தந்தையும் தாயும் உப்பளத் தொழிலாளர். யோபு 1:21ஐ எடுத்துப் பேசினோம். ஆண்டவர் கொடுத்ததை ஆண்டவருக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று சொன்னதாக நினைவு. எல்லாம் முடிந்து நாம் புறப்படுகையில் அத்தாய் நம்மைப் பார்த்து, "நான் எங்க ஐயா குடுத்தேன்? தண்ணி பறிச்சிட்டுப் போயிட்டுல்லா" என்றாள். நாம் ஜெபம் செய்துவிட்டு வந்துவிட்டோம். அன்று நாம் பேசியது எபிக்டீட்டஸின் பதினோராம் பகுதி என்பது அந்நூலை வாசித்தபோதுதான் நமக்குத் தெரிந்தது.

யோபுவின் வாக்கு தவறு என்று யாரும் சொல்லத் துணியார். ஆனால் அவ்வாக்கை யார் யாரிடம் சொன்னார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பிள்ளைகளை இழந்தவன் தன் வாயால் தேவனை நோக்கிச் சொன்னது அது. பிள்ளையை இழக்காதவன் இழந்தவளை நோக்கிச் சொன்னது அன்று. மேலும் யோபின் புத்தகம் முதல் அதிகாரத்தோடு முடியவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான்; அதன்பின் முப்பதுக்கு மேற்பட்ட அதிகாரங்கள் வழக்காடுகிறான், அல்லது வழக்காடுபவர்க்கு ஆளாகிறான். நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய்திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல ஆறுதல்காரராகவே இருந்தனர். வாய்திறந்த பின்பே கெட்டனர். முடிவில் கர்த்தர் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசியவன் யோபுவே என்றும், நண்பர்கள் அல்லர் என்றும் தீர்ப்புச் சொல்கிறார் (42:7). நம் அடக்க ஆராதனையில் முதல் அதிகாரம் மட்டும் வாசிக்கப்படுவதால் யோபு ஒரு ஸ்தோயிக்க ஞானியாகிவிட்டான். மூன்றாம் அதிகாரத்தை அடக்க வீட்டில் வாசிக்கும் துணிவு நமக்கு இல்லாததே காரணம்.

கைநூலின் பதினாறாம் பகுதியை நாம் நம் மாணவர் முன் வைக்க விரும்புகிறோம். ஊழியப் பயிற்சிக்கு அதனினும் கூர்மையான பாடம் இல்லை. பிள்ளையை இழந்தோ பொருளை இழந்தோ அழுகிறவனைக் கண்டால், அவனை வருத்துவது நடந்த நிகழ்ச்சி அன்று, அதைப்பற்றி அவன் கொண்ட கருத்தே என்பதை உடனே நினைத்துக்கொள். வாய்ச்சொல்லளவில் அவனோடு ஒத்துப்போகலாம், வேண்டுமாயின் அவனோடு சேர்ந்து விம்மவும் செய்யலாம். ஆனால் உள்ளுக்குள் விம்மாதபடி பார்த்துக்கொள். ரோமர் 12:15 அழுகிறவர்களோடு அழச் சொல்கிறது. கைநூலும் அழச் சொல்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம், முகத்தால் மட்டும். ஒரே மாதத்தில் ஆறு அடக்கங்கள் நடத்தும் குருவானவர் தாம் இவ்விரண்டில் எதைச் செய்கிறார் என்று தம்மைக் கேட்டுக்கொள்வாராக. நாம் குற்றம் சாட்டவில்லை. உள்ளுக்குள் ஆறுமுறையும் உடைந்துபோகிறவர் ஏழாவது வீட்டுக்குப் போக வலுவற்றுப்போவார் என்பதும் நமக்குத் தெரியும். இதற்கு விடை இருக்கிறதா என்பதே கேள்வி.

பவுலிடம் ஒரு விடை இருப்பதாக நாம் கருதுகிறோம். பிலிப்பியர் 4:11இல் எந்நிலையிலும் அமைந்திருக்கத் தாம் கற்றுக்கொண்டதை அவர் சொல்லும்போது கையாளும் கிரேக்கச் சொல் ஸ்தோயிக்கரின் சொந்தச் சொல்: தனக்குத் தானே போதுமானவன் என்பது அதன் பொருள். நம் பழைய மொழிபெயர்ப்பு அங்கே 'மனரம்மியம்' என்றது. அதே சொற்குடும்பத்தை 1 தீமோத்தேயு 6:6இல் 'போதுமென்கிற மனது' என்றது. இரண்டும் அழகிய தமிழ். இரண்டிலும் அச்சொல்லின் செருக்குத் தெரியவில்லை. பிறரால் ஆவது ஒன்றும் வேண்டாதவன் என்ற செருக்கு அது. பவுல் அச்சொல்லை எடுத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று பாருங்கள். இரண்டு வசனம் தள்ளித் தம் வலிமை தம்முடையது அன்று, கிறிஸ்துவினுடையது என்கிறார். அடுத்த வசனத்தில், ஆயினும் நீங்கள் என் உபத்திரவத்தில் பங்குபெற்றது நல்லது என்கிறார். தனக்குத் தானே போதுமானவனுக்குப் பங்காளிகள் எதற்கு? இன்னும் பின்னோக்கிச் சென்றால், 2:27இல் எப்பாப்பிரோதீத்து மரணத்துக்கு அண்மையாய் வியாதிப்பட்டதை எழுதி, அவர் பிழைத்ததால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் நேராமல் தேவன் இரங்கினார் என்கிறார். அதே நிருபம், அதே கை. எபிக்டீட்டஸுக்கு எப்பாப்பிரோதீத்து என்பது எஜமானனின் பெயர். பவுலுக்கு அது, இறந்திருந்தால் தம்மை உடைத்திருக்கக்கூடிய ஒரு நண்பனின் பெயர்.

ஆதித் திருச்சபையின் ஆசிரியர் இதனை அறியாமல் இல்லை. அகஸ்தீன் 'தேவ நகரம்' 14ஆம் புத்தகத்தில், கிறிஸ்துவும் பவுலும் துக்கமும் அச்சமும் மகிழ்ச்சியும் கொண்டதைக் காட்டி, உணர்ச்சியே நோய் என்பாரை மறுக்கிறார். நம் சீர்திருத்தத் தந்தையருள் கால்வினின் நிலை இன்னும் கருத்துக்குரியது. அவர் எழுதிய முதல் நூல் 1532இல் வெளிவந்தது. அது செனெக்காவின் 'தயை' என்னும் நூலுக்கு உரை. அவ்வளவு நெருங்கிப் பழகியவரே 'கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைகள்' மூன்றாம் புத்தகத்தில், கிறிஸ்தவருக்குள் எழும்பியுள்ள புதிய ஸ்தோயிக்கரைக் கண்டிக்கிறார்: பெருமூச்சும் கண்ணீரும் மட்டுமன்றித் துக்கப்படுவதே பாவம் என்பவர்கள் அவர்கள். ஆண்டவர் தம் துன்பத்துக்கும் பிறர் துன்பத்துக்கும் அழுதார் என்பதே அவர் காட்டும் சான்று. இந்தப் புதிய ஸ்தோயிக்கர் இன்னும் முதுமையடையவில்லை.

இதுவரை கூறியது கைநூலுக்கு எதிரான வழக்கு. ஆனால் சுருக்கத்தை மட்டும் வைத்து ஆசிரியரைத் தீர்ப்பது நேர்மையாகாது. விரிவுரைகளின் முதற்புத்தகத்தில் 11ஆம் இயலை வாசித்தபோது நம் கருத்தில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அதில் ஓர் அதிகாரி எபிக்டீட்டஸிடம் வருகிறார். தம் சிறுமகள் கொடிய நோயுற்றபோது அவளருகில் இருக்கப் பொறாமல், பிழைத்துவிட்டாள் என்ற செய்தி வரும்வரை வீட்டைவிட்டு ஓடிப்போயிருந்ததாகக் கூறுகிறார். பாசமுள்ள தந்தைக்கு இது இயல்பு என்றும் வாதிக்கிறார். உணர்ச்சியற்றவர் என்று நாம் கேள்விப்பட்ட ஆசிரியர் அவரை விடவில்லை. தாய்க்கும் அவளிடம் பாசம் உண்டா? அவளும் ஓடியிருக்க வேண்டுமா? செவிலி? காவலாள்? அவளை நேசித்த யாவரும் நேசத்தினிமித்தம் ஓடிவிட்டால், அவளை நேசியாதவர் கைகளிலேயே அக்குழந்தை சாகட்டும் என்பதா உன் பாசம்? பொறுக்கமாட்டாமல் ஓடுவது அன்பு அன்று என்று காட்டுகிறார். துக்க வீட்டில் ஒரு வசனம், ஒரு பாட்டு, ஒரு ஜெபம் முடித்துப் பத்து நிமிடத்தில் வண்டியேறும் நம்மை இவ்வியல் கைநூலைவிடக் கடுமையாகச் சாடுகிறது. அத்தாயின் வீட்டிலிருந்து நாம் ஜெபம் செய்துவிட்டு வந்தது எதற்காக என்று இப்போது எண்ணிப் பார்க்கிறோம். உள்ளே விம்மாதே என்று எபிக்டீட்டஸ் மாணவரைப் பயிற்றியது, ஓடாமல் நிற்கும் வலிமைக்காக என்று கொண்டால் அவர்மீதுள்ள நம் வழக்குப் பாதி தளர்கிறது. அவர் தம் மாணவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள எழுதுவித்தவற்றை நாம் பிறர்க்குச் சொல்லும் ஆறுதலாக்கியது நம் குற்றம்.

மறுபாதி தளரவில்லை. நம் வசமுள்ளவை என்பதற்குக் கிரேக்கத்தில் அவர் கூறும் சொல் பன்மை, பொருளோ ஒருமை. தனியொருவனின் உள்ளமே அங்கே 'நாம்'. 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி பெருகிற்று, குளங்களின் கரைகள் உடைந்தன, சீவைகுண்டத்தில் இரயில் வண்டியொன்று பயணிகளோடு சிக்கி நின்றது, உப்பளங்கள் நீரில் மூழ்கின. மழை நம் வசமில்லை என்று மேடையில் சொன்னோம், உண்மைதான். குளத்தின் கரையும் மதகும் யார் வசம்? தனியொரு குடியானவன் வசம் இல்லை. ஊரார் வசம் உண்டு. உப்பளத் தொழிலாளி ஒருவன் மழைக்கால மாதங்களில் வேலையின்றி இருப்பது அவன் வசமில்லாதது. அதனை மனரம்மியத்தோடு ஏற்கக் கற்றுக்கொள் என்று கைநூல் சொல்லும். ஆனால் அம்மாதங்களுக்கெனக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை மாநில அரசு 2022இல் தொடங்கியது. தொகை போதுமா என்பது வேறு. நம் வசமில்லை என்று கோடு கிழிக்கப்பட்டிருந்த ஒன்று, கேட்பவர் பலரானபோது கோட்டைத் தாண்டி வந்துவிட்டது. எபிக்டீட்டஸின் கோடு இருக்கும் இடம் 'நாம்' என்று சொல்பவர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. இதனை அவர் கண்டதாகத் தெரியவில்லை. அடிமைக்கு அப்படியொரு 'நாம்' அன்று இல்லை. திருச்சபைக்கு உண்டு என்பதே நம் அறிக்கை. மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு அவர்கள் ஒரே உலையில் பொங்கி ஒன்றாய் உண்ணும் சபையைப் பற்றிப் பேசியும் பாடியும் வந்தது இந்த 'நாம்' குறித்தே.

பதினேழாம் பகுதியை இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும். நீ ஒரு நாடகத்தில் நடிகன். ஏழை வேடமோ, முடவன் வேடமோ, ஆளுநன் வேடமோ, கொடுத்ததை நன்றாய் நடி. வேடத்தைத் தெரிவது உன் வேலையன்று. கால் ஊனமுற்ற ஓர் அடிமை இதைத் தனக்குச் சொல்லிக்கொள்ளும்போது அதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. எஜமானனாலும் தொட முடியாத ஓர் இடம் தனக்குள் உண்டு என்று அவன் சொல்கிறான். அதே சொல்லை ஊர்த்தெருவில் வாழ்பவன் சேரித்தெருவில் வாழ்பவனிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதை நம் நாட்டில் விளக்கத் தேவையில்லை. சொல்லின் உண்மை சொல்பவனின் இருப்பிடத்தைப் பொறுத்து மாறுகிறது. யோபு 1:21க்கு நேர்ந்ததும் இதுவே.

கைநூலுக்கு ஒப்பாகத் திருக்குறளைக் காட்டுவோர் உண்டு. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள சாயர்புரத்தில் இளமையில் ஊழியம் செய்து கல்விச்சாலை நிறுவிய ஜி.யு. போப் 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, அதில் கிறிஸ்தவ போதனையின் சாயலைக் கண்டார். மயிலாப்பூர்க் கரையில் வள்ளுவர் கிறிஸ்தவரோடு பழகியிருக்கலாம் என்று ஊகித்தார். அவ்வூகத்தை இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஸ்தோயிக்க ஒப்புமையும் அதுபோல் அரைகுறையே. இடுக்கணழியாமை அதிகாரத்தை மட்டும் வாசிப்பவர் வள்ளுவரை ஸ்தோயிக்கர் எனலாம். ஊழ் அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆள்வினையுடைமையில் அதே ஊழைப் புறங்காண்பவரும் வருகின்றனர். அன்புடைமையின் தொடக்கத்திலேயே, அன்பைத் தாழிட்டு மறைக்க இயலாது என்பதற்குச் சான்றாக வள்ளுவர் நிறுத்துவது கண்ணீரை. எபிக்டீட்டஸ் உள்ளே தாழிட்டுக்கொள்ளச் சொன்ன அதே கண்ணீர். போப் தேடிய கிறிஸ்தவச் சாயல் எங்கேனும் இருக்குமாயின் அங்கே இருக்கிறது. அதற்கு மயிலாப்பூர்க் கதை வேண்டியதில்லை.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அதில் இறங்கிய பரதவ மக்கள் 16ஆம் நூற்றாண்டு முதல் ரோம சபையைச் சார்ந்தவர்கள்; அவர்களுடைய துக்க வீட்டுக்கு நம்மை அழைப்பதில்லை. ஆனால் அத்தொழிலின் முறை இப்பக்கத்தில் யாவரும் கேள்விப்பட்டதே. கல்லைக் காலில் பற்றிக்கொண்டு மூச்சடக்கி இறங்குபவனின் இடுப்புக் கயிற்றை மேலே தோணியில் ஒருவன் பிடித்திருப்பான். அக்கயிற்றைப் பிடிக்க மைத்துனனையே அமர்த்துவர் என்று சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாள் தாலி அக்கயிற்றில் இருப்பதால். கீழே உள்ளவனுக்கு வேண்டியது கலங்காத நெஞ்சு. கைநூல் அதைத் தரும். மேலே உள்ளவனுக்குக் கலங்காத நெஞ்சு மட்டும் போதாது. கீழே நடப்பது தனக்கு நடப்பதாக அவன் கை உணர வேண்டும்.

எபிக்டீட்டஸின் கைநூலைத் தமிழாக்க விரும்புவதாக மாணவர் சிலர் அவ்வப்போது சொல்வதுண்டு. செய்யட்டும். ஆனால் அதற்கு முன், விரிவுரைகள் முதற்புத்தகத்தின் 11ஆம் இயலைத் தமிழாக்கிக் கொண்டுவரட்டும். ஓடிப்போன அந்தத் தந்தையையும் யோபின் மூன்றாம் அதிகாரத்தையும் ஒரே வாரத்தில் வகுப்பில் வைத்து வாசிக்க வேண்டும் என்று நமக்கு ஆவல்.